மந்தை, புல்தரை, வேலிக்கருவை

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. லாஸ் வேகஸ் வட்டாரத்தில் யாரும் உட்காராத, யாரும் விளையாடாத, பார்வைக்கு மட்டும் வளர்க்கிற பொதுப் புல்தரைகளுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. சாலை நடுத்திட்டு, அலுவலக முகப்பு, குடியிருப்புச் சங்கங்களின் பொதுப்புல் எல்லாம் சட்டத்துக்குள் வரும். சட்டம் வருவதற்கு 22 வருஷம் முன்பே, 1999-லிருந்து, அந்த ஊர் நீர் ஆணையம் புல்லை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடி வைப்பவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்து வந்தது. இதுவரை 20 கோடி சதுர அடிக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். ஒரு சதுர அடி புல்லை எடுத்தால் வருஷத்துக்கு 55 கேலன், அதாவது ஏறக்குறைய 208 லிட்டர் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தச் சட்டத்துக்கு நாலு வருஷம் முந்தி, 2017 தொடக்கத்தில், எங்க விருதுநகர் மாவட்டத்திலும் பொதுநிலத்தில் ஒரு பெரிய செடி மாற்றம் தொடங்கியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி என்று ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. கண்மாய், ஓடை, மந்தை, சாலையோரம் எல்லா இடத்திலும் வேலிக்கருவையைப் பிடுங்கினார்கள். சில மாதத்தில் வேலை நின்றது. இன்றைக்கு அந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் மறுபடி கருவைதான் நிற்கிறது.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஒன்று பணக்கார ஊரின் அழகுப் புல், இன்னொன்று வானம் பார்த்த பூமியின் முள்மரம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: பலருக்குப் பொதுவான ஒரு தரையில், இடத்துக்குப் பொருந்தாத ஒரு செடி இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அந்த மண்ணின் செடியை எப்படி வைப்பது? அங்கே ஏன் ஓரளவு நடந்தது, இங்கே ஏன் நடக்கவில்லை?

எளிய பதில், புல்லுக்குத் தண்ணியை நிறுத்தினால் செத்துவிடும், கருவையை வெட்டினால் துளிர்க்கும் என்பது. உண்மைதான். ஆனா அது பாதி பதில். மீதிப் பாதி நம்ம மந்தைகளின் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் தொகுத்திருக்கிறேன்.

புல் தாகமானதா, புல்தரை தாகமானதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெப்பமான நாடுகளில் புல்தரைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் போடுகிற 'பெர்முடா புல்' வேறு எதுவும் இல்லை, நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே புல். கரிசல்காட்டு சம்சாரியைக் கேட்டால் அருகு எவ்வளவு பொல்லாத களை என்று சொல்வார். கோடையில் மேலே ஒன்றுமே தெரியாது. கீழே கிழங்குபோல் ஓடும் தண்டு உயிரோடு இருக்கும். கல்யாண வாழ்த்தில் அருகுபோல் வேரோடணும் என்று சொல்வது சும்மா இல்லை.

அப்போ, வறட்சியைத் தாங்குகிற இந்தப் புல் புல்தரையானதும் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? அதை வருஷம் முழுக்கப் பச்சையாக வைக்கணும் என்று நாம் எதிர்பார்ப்பதால்தான். சித்திரையில் பழுத்துப் போக விட்டால் அதற்குத் தண்ணீரே வேண்டாம்.

ஒரு தோராயக் கணக்கு. எங்க பக்கம் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிடும். கோடை வெயிலில் புல்தரை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ட் புல்தரை என்றால் சுமார் 405 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 1,400 லிட்டர். டிராக்டரில் வருகிற டேங்க் தண்ணீர் நாலாயிரம் ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும். ஆக, மூன்று நாளைக்கு ஒரு டேங்க். குடிக்கவே டேங்கர் தண்ணீரை எதிர்பார்க்கிற ஊர்களில் இது நடக்கிற காரியமா?

நடக்குமென்று நினைத்தவர்களும் உண்டு. 2016-ல் தமிழக அரசு 500 ஊராட்சிகளில் 'அம்மா பூங்கா' அமைப்பதாக அறிவித்தது. நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு மரம், உடற்பயிற்சிக் கூடம், புல்தரை. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான். ஆனால் பல ஊர்களில் பூங்கா பராமரிப்பில்லாமல் பூட்டிக் கிடப்பதாகச் செய்திகள் வந்தபடியே இருந்தன. கட்டுவதற்குப் பணம் வந்தது. தினமும் தண்ணீர் விட ஆள் யார் என்ற கேள்விக்குப் பதில் திட்டத்தில் இல்லை. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மந்தை என்றால் என்ன?

சென்னைக்காரர்களுக்கு மந்தைவெளி ஒரு பேருந்து நிறுத்தம். எங்க பக்கம் மந்தை என்பது ஊரின் வாசல். காலையில் ஊர் மாடெல்லாம் வந்து கூடுகிற இடம். அங்கிருந்துதான் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள். மந்தையம்மன், கருப்பசாமி, பொங்கல், பஞ்சாயத்து, கூத்து எல்லாம் அங்கேதான். அறுப்புக் காலத்தில் களமும் அதை ஒட்டியே இருக்கும். ஆங்கிலேயர் கிராமங்களில் 'வில்லேஜ் கிரீன்' என்று ஒன்று உண்டு, கிட்டத்தட்ட அதேதான். அந்த ஊர் மழைக்கு அது வருஷம் முழுக்கப் பச்சை. எங்க மந்தை வருஷத்தில் மூன்று, நாலு மாதம் பச்சை.

எங்க பெரியப்பா சொல்வார்: "மாசி பங்குனியில மந்தை பொட்டக்காடாத்தான் கெடக்கும். அதப் பாத்து யாரும் கவலப்பட்டதில்ல. ஐப்பசி மழைக்கு நாலாம் நாள் பச்சையடிச்சிரும்."

அந்தப் பச்சையில் என்னென்ன இருந்தது? கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல், அருகு. நடுவே கொழிஞ்சி, தும்பை, நெருஞ்சி. ஓரங்களில் ஆவாரை, எருக்கு. தள்ளித் தள்ளி வேம்பு, வெள்வேல், குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரம். பந்தல்குடிப் பக்கம் மேலே கரிசல், கீழே சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைக்குச் சுரங்கம் தோண்டுகிற அளவுக்குச் சுண்ணாம்பு. அந்த மண்ணில் இவையெல்லாம் யாரும் நடாமல் வந்தவை.

இவற்றில் சும்மா இருந்தது ஒன்றும் கிடையாது. கொழிஞ்சியைப் பிடுங்கி வயலுக்குத் தழையுரமாகப் போட்டார்கள். ஆவாரம்பட்டை தோல் பதனிடப் போனது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை சென்னை மாகாணத் தோல் தொழிலுக்கு ஆவாரைதான் ஆதாரம். புல்லை நம்பி ஆடுகள். பந்தல்குடிக்குத் தெற்கே இருக்கிற வேம்பூரின் பேரிலேயே ஒரு செம்மறி இனம் உண்டு: வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் போட்ட வேம்பூர் ஆடு. கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்க்கிற ஆடு இல்லை அது. நடந்து மேய்கிற ஆடு. ராமநாதபுரத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு மாதக்கணக்கில் நடந்து, வயல்களில் கிடை போட்டு, உரத்துக்குக் கூலியாகப் பணமோ தானியமோ வாங்குவார்கள். ஊர்விட்டு ஊர் போகும் அந்த வழியில் மந்தைகள்தான் தங்குமிடம்.

யாருடைய மந்தை?

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலம். 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக்கியது. ஜமீன்தார் கட்ட வேண்டிய பேஷ்குஷ் நிலையானது. மீதியை அவர் எப்படி வசூலிப்பார் என்பது அவர் பாடு. சாகுபடியில்லாத நிலத்தை உழவுக்குக் கொடுத்தால் ஜமீனுக்கு வருமானம். மாடு மேய்ந்தால் ஒன்றுமில்லை, அல்லது கொஞ்சம் புல்வரி. இந்த இழுபறியைத் தடுக்கத்தான் 1908-ம் வருஷத்து சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தில் 20-ம் பிரிவு வந்தது. களம், மாடு நிற்குமிடம், கண்மாய் உட்பகுதி, ஊர் நத்தம் போன்ற பொது நிலங்களை அவற்றின் பொதுப் பயன்பாட்டுக்கு மாறாக ஜமீன்தார் தன்னிஷ்டத்துக்கு யாருக்கும் கொடுக்க முடியாது என்று அது கட்டுப்படுத்தியது. அதாவது மந்தைக்குச் சட்டத்தில் ஒரு இடம் கிடைத்தது.

பிறகு 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். எஸ்டேட்டுகள் அரசு வசமானபோது பொது நிலங்கள், புறம்போக்குகள் எல்லாமும் அரசு வசமாயின. உழுதவனுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மந்தையில் மேய்த்தவனுக்குப் பட்டா என்று ஒன்று கிடையாது. கிராமக் கணக்கில் அது 'மேய்ச்சல் புறம்போக்கு' அல்லது 'மந்தைவெளிப் புறம்போக்கு' என்று ஒரு வரியானது. பிறகு அந்த வரியும் மாறலாம்: தரிசு என்று வகை மாற்றி வீட்டுமனை கொடுக்கலாம், அலுவலகம் கட்டலாம், நீர்த்தேக்கத் தொட்டி வைக்கலாம். எல்லாமே ஊருக்குத் தேவையானவைதான். எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் பதில் மந்தையாக இருந்தது என்பதுதான் விஷயம்.

'தரிசு' என்ற சொல்லையும் கவனிக்கணும். 1985-ல் மத்திய அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைத்தது. 2000-லிருந்து தரிசுநில வரைபடத் தொகுப்புகள் வருகின்றன. செயற்கைக்கோள் படத்தில் மரம் இல்லை, பயிர் இல்லை என்றால் அது பயனற்ற நிலம். வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கிற மேய்ச்சல் புல் இந்தக் கண்ணுக்குப் புல்லாகத் தெரியாது.

அதே காலத்தில் கீழே இன்னொன்றும் நடந்தது. டிராக்டர் வந்தது, உழவு மாடு குறைந்தது. மாடு குறைந்தால் மந்தையில் கூட்டம் ஏது? ஆகவே யாரோ ஒரு வில்லன் வந்து மந்தையை அழித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை உள்ளவர்கள் குறைந்தார்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாலுகா அலுவலகத்துக்குப் போனது. காலி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அப்போதுதான் கருவை நுழைந்தது.

வேலியாக வந்த மரம்

காமராஜர் ஆட்சியில் ஹெலிகாப்டரில் விதை தூவினார்கள் என்று எங்க ஊரில் டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள். 1950-களில் விறகுப் பஞ்சத்துக்காக அரசு இதை ஊக்குவித்தது என்ற பேச்சும் உண்டு. எப்படியானாலும் மரம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1876-ல் சென்னை மாகாண வனப் பாதுகாவலர் கர்னல் பெட்டோம், வறண்ட மாவட்டங்களில் நட இந்த விதை வேண்டும் என்று கோட்டைக்கு எழுதினார். மறுவருஷம் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். 1876, 1877 என்றால் தாது வருஷப் பஞ்சத்தின் நடுமத்தி. தென்னிந்தியாவே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில்லாமல் விறகு தரும் ஒரு மரம் எவ்வளவு பெரிய வரமாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற இடங்களிலும் அப்படித்தான் வரவேற்றார்கள். ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதை 'ராஜ மரம்' என்று அறிவித்து மக்கள் காக்க வேண்டும் என்றது. குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளி ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர், மால்தாரி மேய்ப்பர்களின் பொது மேய்ச்சல் நிலம். பெரிய ரண்ணிலிருந்து உப்பு பரவாமல் தடுக்க 1961-ல் அதன் ஓரத்தில் 31,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறை இதை நட்டது. ஓரத்தில் நட்டது பிறகு நடுவுக்கு வந்துவிட்டது.

எங்க பக்கம் பேரே கதையைச் சொல்கிறது: வேலிக்கருவை. ஆடு மாடு இலையைத் தொடாது, முள் பொல்லாதது, தண்ணீர் கேட்காது. வேலிக்கு இதைவிடத் தோதான மரம் ஏது? ஆனால் நெற்றை மட்டும் ஆடுமாடு விரும்பித் தின்னும். இனிப்பாக இருக்கும். விதை செரிக்காமல் சாணத்தில், புழுக்கையில் வெளியே வந்து நன்றாகவே முளைக்கும். கிடை போட்ட வயலெல்லாம் விதை. ஊர் ஊராக நடந்த ஆடுகளே மந்தை மந்தையாக இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கடைசியில் மந்தையில் புல்லுக்கு வெயில் இல்லாமல் போனது, ஆடுகளுக்கு நடக்க வழியில்லாமல் போனது.

2017

வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. பட்டா நிலத்துக்காரர்களும் அகற்ற வேண்டும். தவறினால் அரசே அகற்றிவிட்டுச் செலவை இரட்டிப்பாக வசூலிக்கும். அரியலூரில் ஜாமீன் கேட்டவர்களுக்கு ஆளுக்கு நூறு கருவேல மரம் வெட்ட வேண்டும் என்றுகூட நிபந்தனை விதித்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை கொடுத்தது. அறிவியல் ஆய்வு இல்லாமல் மொத்தமாக அகற்றுவது சரியா என்று பார்க்க வல்லுநர் குழு அமைந்தது. 2022-ல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டது. 'அகற்று' என்பதோடு 'மீட்டெடு' என்ற சொல்லும் அரசுத் தாளில் சேர்ந்தது அப்போதுதான். அது நல்ல மாற்றம்.

2017-ல் வாட்ஸப்பில் சுற்றிய சில கதைகளையும் சொல்லிவிடணும். கருவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும் என்றார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பறவை அண்டாது என்றார்கள். ராமநாதபுரத்துச் சரணாலயக் கண்மாய்களில் போய்ப் பார்த்தால் கருவை மேலேயே கூடு இருக்கும். நிஜக் காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன: ஆழமாகப் போகிற வேர், கீழே புல்லை வளரவிடாத அடர்த்தி, கண்மாயின் கொள்ளளவைக் குறைக்கிற புதர், அடிமரத்திலிருந்து மறுபடி வெடிக்கிற துளிர், மண்ணில் பல ஆண்டு உறங்குகிற விதை. பொய்க் காரணம் சொல்லி ஒரு வேலையைத் தொடங்கினால், அந்தப் பொய் உடையும்போது வேலையும் நின்றுவிடுகிறது.

ஜேசிபி தரைக்கு மேலே இருப்பதை முறித்துப் போட்ட இடங்களில் அடுத்த மழைக்கே துளிர்த்தது. வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்த இடங்களிலும், விதை முளைத்தபோது பிடுங்க ஆளில்லை. காலி இடத்தை என்ன செய்வது என்று உத்தரவில் தெளிவாக இல்லை. தோண்டுவதற்குக் கெடு இருந்தது. அடுத்த மூன்று வருஷத்துக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

இன்னொரு தரப்பு இருக்கிறது. திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போனால் ரோட்டோரத்தில் புகை வரும் மண்மேடுகளைப் பார்க்கலாம். கரிமூட்டம். வெட்டிய கருவை விறகை நெருக்கமாக அடுக்கி, செத்தையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே தீயிட்டு, காற்றை அளந்துவிட்டு நாள்கணக்கில் வேகவிடுவது. நிலமில்லாத குடும்பங்களுக்கும், மழை பொய்த்த வருஷத்தில் நிலமிருக்கிற குடும்பங்களுக்கும் இதுதான் வருமானம். அங்கே மூட்டம் போடுகிற ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "இது சனியன்னு எனக்கும் தெரியும் தம்பி. ஆனா மழை பொய்ச்ச வருசத்துல சோறு போட்டது இதுதானே. இத வெட்டிட்டு எத வைக்கப் போறீக, அது எத்தன வருசத்துல வெறகாகும்னு மொதல்ல சொல்லுங்க."

2017-ல் நீதிமன்றத்திலும், வெளியே நடந்த விவாதங்களிலும் பேசிய எல்லோரையும்விட இந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படுகிறது. 1876-ல் கர்னல் பெட்டோம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: இந்த மண்ணில் விறகுக்கு என்ன வழி? 140 வருஷமாக அந்தக் கேள்விக்குக் கருவையைத் தவிர வேறு பதில் சொல்லாமல், பதிலை மட்டும் பிடுங்கப் பார்த்தோம்.

நாட்டுச் செடி எது?

'அயல்', 'நாட்டு' என்ற பிரிப்பும் நாம் நினைக்கிற அளவு நேரானது இல்லை. நம்ம நாட்டுக் கருவேலம் 1890-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போனது. செம்மறி ஆடுகளுக்கு நிழலுக்காக நட்டார்கள். இன்று அது அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் புல்வெளியில் பரவிய தேசியக் களை. அதைக் கட்டுப்படுத்தும் பூச்சி தேடி அவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து, கோவை வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். நம்ம கொழுக்கட்டைப் புல் அமெரிக்காவின் அரிசோனாவில் பாலைவனத்தையே எரிய வைக்கிற களை. மறுபக்கம், சீமைக்கருவையின் சொந்தக்காரன் ஒருத்தன் நம்ம கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிறான்: வன்னி. 2022-ல்தான் தாவரவியலாளர்கள் பெரும்பாலான அமெரிக்க இனங்களை 'நெல்டுமா' என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அதுவரை இரண்டும் ஒரே பேரினம்.

ஆகவே செடியின் சாதகம் மட்டும் போதாது. அது அந்த இடத்தில் எதற்கு அடங்கி நிற்கிறது, யார் அதை அடக்கி வைக்கிறார்கள் என்று பார்க்கணும்.

இதற்கு நம்மூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொறங்காடு. மழை எங்க பக்கத்தைவிடக் குறைவு. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. பாசனம் கிடையாது. புல்லை நெருக்கி மேய்க்காமல், ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு மாடுகளை மாற்றி ஓட்டுவார்கள். காங்கேயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். கிளுவையும் வேலிதான், கருவையும் வேலிதான். கிளுவை வேலியாகவே நிற்பதற்குக் காரணம் அதன் சாதுவான குணம் மட்டும் இல்லை. உரியவர் அதைக் கவாத்து பண்ணி, இடைவெளியில் போத்து நட்டு, தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறார். கொறங்காட்டுக்குப் பட்டா இருக்கிறது. மந்தைக்கு அது இல்லை.

இதிலிருந்து 'அப்போ மந்தையையும் தனியாருக்குக் கொடுத்துவிடலாம்' என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஆடு மட்டும் வைத்திருக்கிற, நிலமில்லாத குடும்பத்துக்கு மந்தையைத் தவிர வேறு தரை இல்லை. பொதுவாகவே இருக்கட்டும், ஆனால் பொது என்றால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தமாகிவிடக் கூடாது.

ஒரு மந்தையை மீட்பதென்றால்

முதலாவது, மொத்தமாக அகற்றக் கூடாது. மூன்றில் ஒரு பங்காக எடுக்கலாம். புரட்டாசிக்குள் வேர்க்கழுத்தோடு தோண்டி, ஐப்பசி முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் விதை தூவணும். முதல் வருஷம் அந்தப் பங்கில் மேய்ச்சல் வேண்டாம். முளைக்கிற கருவைக் கன்றை ஒரு சாண் உயரத்துக்குள் பிடுங்கினால் கையோடு வரும். விட்டால் கடப்பாரை வேணும். இந்தப் பிடுங்கும் வேலைக்கு மூன்று, நாலு வருஷத்துக்கு அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் இடம் ஒதுக்கலாம்.

இரண்டாவது, வெட்டுகிற விறகில் முதல் உரிமை இப்போது மூட்டம் போடுகிறவர்களுக்கு. மீதி இரண்டு பங்கு கருவை அவர்களுக்கு மாற்று வளரும்வரை நிற்கட்டும். ஓரங்களில் நாட்டுக் கருவேலமும் வெள்வேலும் வைத்தால் விறகாகப் பத்து வருஷமாவது ஆகலாம். அந்தப் பத்து வருஷத்தைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் ஒரு கோடையில் முடிந்துவிடும்.

மூன்றாவது, மந்தையைக் குறுங்காடாக்க வேண்டாம். நெருக்கி நெருக்கி நாற்பது வகை மரம் நட்டால் படம் நன்றாக வரும். முதல் சில வருஷம் தண்ணீரும் கேட்கும். மந்தை ஒரு புல் நிலம். அதில் ஏக்கருக்கு நாலைந்து மரம் போதும். வெயில் தரையில் விழணும். சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது 'பூங்கா செத்துப்போச்சு' என்று யாரும் பயப்படாமல் இருக்க, அதை ஊரில் முதலிலேயே பேசிவிடணும்.

லாஸ் வேகஸிலும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. புல்லுக்கு விட்ட தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெரிய மரங்கள், புல்லை எடுத்ததும் காய்ந்துவிட்டன என்று குடியிருப்போர் வழக்கு போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மூன்று விஷயத்தைச் சரியாகச் செய்தார்கள்: எடுக்கிறவருக்குப் பணம், வைப்பதற்குச் செடிப் பட்டியல், சட்டத்துக்கு முன்னால் இருபது வருஷப் பழக்கம். நாம் உத்தரவில் தொடங்கி உத்தரவிலேயே முடித்துவிட்டோம்.

ஒரு ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிராம 'அ' பதிவேடு. தமிழ்நிலம் இணையதளத்தில் புல எண் கொடுத்தால் அந்த இடம் மேய்ச்சலா, மந்தைவெளியா, தரிசா, களமா என்று வகைப்பாடு தெரியும். பெரும்பாலும் மேய்ச்சல் என்று எழுதியிருக்கிற இடத்தில் கருவையோ கட்டடமோ நிற்கும். எது மிச்சமிருக்கிறது, எத்தனை ஹெக்டேர், அதை இன்றைக்கு எத்தனை ஆடும் எத்தனை மூட்டமும் நம்பியிருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். ஜேசிபிக்குச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்.